பனியையும் குளிரையும் வெறுப்பது ஒரு குறையா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர் கடுமையாக உள்ள ஓர் ஊரில் சில வருடங்களாக இருக்கிறீர்கள். முதல் பனி விழுந்ததும் சுற்றியிருப்பவர்கள் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் நெஞ்சு கனத்துப் போகிறது. வரப்போகும் மாதங்களை நினைத்தாலே அலுப்பு வருகிறது. “போகப்போகப் பழகிவிடும்” என்றார்கள், பழகவில்லை. “வெளியே இறங்கி ரசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்” என்கிறார்கள், ரசிக்க முடியவில்லை. இது உடம்பில் உள்ள கோளாறா, மனதில் உள்ள கோளாறா, என்றைக்காவது மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்றாக இருந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: எல்லோரும் சமாளிக்கிறார்களே, எனக்கு மட்டும் மன உறுதி போதவில்லையா?

மனித உடம்பு தன் சூட்டை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதுதான் நான் படித்த துறை. பல வருடங்களாக அதையே பாடமாக எடுக்கிறேன், ஆய்வுக்கூடத்தில் குளிர்ச் சோதனைகளும் நடத்துகிறேன். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்கிறேன், மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஒரே அறையில், ஒரே மாதிரி உடையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நிம்மதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பார், இன்னொருவருக்குப் பல் கிட்டிப்போயிருக்கும். யார் தைரியசாலி என்பதை அது காட்டாது. ஆனால் “குளிர்காலம் பிடிக்கவில்லை” என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. ஒருவருக்கு விரல், இன்னொருவருக்கு இருட்டு, மற்றொருவருக்கு வழுக்கும் பாதை. உங்களுடையது எது என்று பிரித்துப் பார்க்காதவரை யார் சொல்லும் யோசனையும் உங்களுக்குப் பொருந்தாது. மனநல மருத்துவம் என் துறை இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வைப் பற்றிப் பேசும் இடத்தில் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உடம்பு. ஆடையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நடுக்கமும் வராமல் வியர்வையும் வராமல் இருக்க வேண்டுமானால், சுற்றியுள்ள காற்று ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பனியில் வாழ்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. நாம் எல்லோருமே வெப்பமண்டலத்து உயிர்கள்தான். குளிர்ப் பிரதேசங்களில் மனிதர் வாழ்வது துணியையும் நெருப்பையும் சுவரையும் நம்பித்தான், தோலை நம்பி அல்ல. தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணர்வதற்கென்றே டிஆர்பிஎம்8 என்ற ஒரு புரதம் இருக்கிறது. அது குளிரை உணரும் புரதம் என்பதை டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டாபூட்டியன் ஆகிய இருவரின் குழுக்களும் 2002இல் தனித்தனியாகக் கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. புதினாவில் உள்ள மென்தால் பட்ட இடம் சில்லென்று இருப்பதற்கும் இதே புரதம்தான் காரணம்.

ஆனால் அந்தச் சில்லிப்பு இதமா, எரிச்சலா என்பதைத் தோல் முடிவு செய்வதில்லை. மிஷேல் கபனாக் என்ற உடலியலாளர் 1971இல் எழுதிய கட்டுரையை நான் ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். உடம்பு சூடேறியிருப்பவருக்குக் குளிர்ந்த நீரில் கை வைப்பது பெரும் சுகம். உடம்பு குளிர்ந்துபோயிருப்பவருக்கு அதே நீர், அதே கை, தாங்க முடியாத தொல்லை. நீரில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே இருக்கும் நிலைதான் வேறு. சூடு குறைகிறது, ஏதாவது செய் என்று உடம்பு உங்களிடம் சொல்லும் முறைதான் இந்த வெறுப்பு. பனியில் குதித்து விளையாடுகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், ஓடியாடி உள்ளே சூடேறியவர்களாக இருப்பார்கள். பேருந்துக்காக அசையாமல் நிற்பவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியாது.

விரல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர் ஆகாது என்று என்னிடம் பேச ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் விரலில்தான் வந்து நிற்பார்கள். உடம்பு சூட்டை இழக்க ஆரம்பித்ததும் முதலில் செய்யும் காரியம், கைகால் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்குவது. இதயம், மூளை, ஈரல் எல்லாம் சூடாக இருக்க வேண்டும், விரல்கள் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. சோதனைக்கு வருபவரின் கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி, விரல் நுனியில் மெல்லிய வெப்பமானி ஒன்றை ஒட்டிவிடுவோம். திரையில் எண் மளமளவென்று இறங்கும். சில நிமிடங்களில் ஏறக்குறைய தண்ணீரின் குளிருக்கே வந்துவிடும். விரல் வெளுக்கும், வலி உச்சத்துக்குப் போகும், அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொள்வார். அப்புறம் ஐந்து, பத்து நிமிடம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே எண் ஏற ஆரம்பிக்கும். மூடிக்கிடந்த குழாய்கள் தாமாகத் திறந்து சூடான ரத்தம் விரலுக்குள் வருகிறது. தோல் சிவக்கிறது, வலி தணிகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடும், மறுபடி திறக்கும். தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930இல் இதை விவரித்தார். விரல் உறைந்து கெட்டுப்போகாமல் காப்பதற்கான ஏற்பாடு என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

சிலருக்கு இந்த ஏற்றம் சீக்கிரம் வரும், பலமாகவும் வரும். சிலருக்கு அரை மணி நேரம் காத்திருந்தாலும் திரையில் கோடு கீழேயே கிடக்கும். இப்படி ஒருவருக்கொருவர் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது, நானே பலமுறை பார்த்தது. கோடு எழும்பாத ஒருவரிடம் போய், பனியில் இறங்கி விளையாடிப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது நியாயமே இல்லை. அவர் படுவது உண்மையான வலி.

உடல்வாகும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒல்லியாக, சிறிய உருவமாக இருப்பவருக்கு எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும். தசை அதிகம் உள்ளவருக்கு சும்மா இருக்கும்போதே கூடுதல் சூடு உற்பத்தியாகிறது. சராசரியாகப் பார்த்தால், பெண்களுக்கு உள்ளுடம்பின் சூடு ஆண்களைவிடக் குறைவில்லாதபோதும் கைகள் அதிகம் குளிர்ந்திருக்கும். அலுவலகங்களின் வெப்பநிலையை முடிவு செய்யும் கணக்குகள் ஓர் ஆணின் உடல் உற்பத்தி செய்யும் சூட்டை வைத்துப் போடப்பட்டவை, பெண்களுக்கு அவை பொருந்தாது என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இருவர் 2015இல் காட்டினார்கள். மரபணுவுக்கும் பங்கு இருக்கலாம். தசையில் ஆல்ஃபா-ஆக்டினின்-3 என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்கள் உலகில் ஏறக்குறைய 150 கோடிப் பேர். அப்படிப்பட்ட ஆண்கள் 14 டிகிரி தண்ணீரில் தங்கள் உடல் சூட்டை மற்றவர்களைவிட நன்றாகக் காத்துக்கொண்டார்கள் என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. அது தண்ணீரில், ஆண்களிடம் மட்டும் செய்த சோதனை. அதை வைத்து உங்கள் குளிர்கால அனுபவத்தை விளக்க முயல்வது அவசரம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். குளிரில் உங்கள் விரல்கள் எல்லையிட்ட மாதிரி பளிச்சென்று வெளுத்து, அப்புறம் நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து குத்துகிறதென்றால் அது வெறும் குளிர் உணர்வு இல்லை. மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் விவரித்ததால் அதற்கு ரேனோ என்றே பெயர். பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தொந்தரவோடு நின்றுவிடும். சிலருக்கு மட்டும் வேறு நோயின் அடையாளமாக இருக்கும். மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் விரல் பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்பதால், வெளுத்திருக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, முன்பு இல்லாமல் சமீபத்தில் குளிர் தாங்க முடியாமல் போனது என்றால் தைராய்டு குறைவு, ரத்தசோகை, அளவுக்கு மீறிய எடைக்குறைவு ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் பீட்டா-பிளாக்கர் மாத்திரைகளும் கைகால்களைச் சில்லிட வைக்கும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இவை எல்லாம் எளிதாகக் கண்டுபிடிக்கக் கூடியவை, பெரும்பாலும் சிகிச்சையும் உள்ளவை. மனப்பிரச்சினையோ என்று யோசித்துக்கொண்டே வருடங்களைக் கழிப்பதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

சரி, பழகுமா? ஓரளவு பழகும், இதில் சந்தேகமில்லை. குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு முட்டி, இதயம் வேகமாக அடிக்கும். அதே நீரில் சில நாட்களாகச் சில நிமிடங்கள் இறங்கி வந்தால் அந்த அதிர்ச்சி பாதியளவுக்குக் குறைகிறது, அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கிறது. 15, 16 டிகிரி அறையில் தினமும் 6 மணி நேரம் வீதம் 10 நாட்கள் இருந்தவர்களுக்கு நடுக்கம் குறைந்தது, குளிர் அவ்வளவாக உறைக்கவில்லை என்று 2013இல் வெளியான சோதனை ஒன்று காட்டியது. அவர்கள் உடம்பில் பழுப்புக் கொழுப்பின் செயல்பாடும் கூடியிருந்தது. சாதாரணக் கொழுப்பு சக்தியைச் சேமிக்கும், பழுப்புக் கொழுப்பு அதை எரித்துச் சூடாக்கும். கைக்குழந்தைகளுக்கு மட்டுமே உண்டு என்று நினைத்திருந்த அது பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்பது 2009இல்தான் தெளிவாக நிறுவப்பட்டது. ஆனால் பழுப்புக் கொழுப்பு கூடியதால்தான் குளிர் உறைக்காமல் போகிறதா, இரண்டும் தனித்தனியாக நடக்கின்றனவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஐஸ் தண்ணீரில் குளித்தால் பழுப்புக் கொழுப்பு வளர்ந்து மனச்சோர்வெல்லாம் ஓடிவிடும் என்று இணையத்தில் ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு ஆதாரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட.

பழகுவதால் குறைவது அதிர்ச்சியும் நடுக்கமும்தான். விருப்பம் அதனால் தானாக வந்துவிடுவதில்லை. இதைச் சொல்லாமல் பழகிவிடும் என்று மட்டும் சொல்வதால்தான் உங்களைப் போன்றவர்கள், எனக்கு மட்டும் பழகவில்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கும் ஓரளவு பழகியிருக்கும். முதல் வருடம் நடுங்கிய குளிரில் இப்போது நடுங்காமல் நடந்துபோவீர்கள், ஆனாலும் அது பிடிக்காமலே இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கக் கூடியவை. அதோடு, சூடேற்றிய வீட்டிலிருந்து சூடேற்றிய வண்டிக்கும் அங்கிருந்து சூடேற்றிய அலுவலகத்துக்கும் போய்வரும் வாழ்க்கையில், பழகும் அளவுக்கு உடம்பு குளிரைச் சந்திப்பதே இல்லை.

மற்றவர்கள் எப்படித் தாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் 1997இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் இருக்கிறது. வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் இறப்பு எவ்வளவு கூடுகிறது என்று பல பகுதிகளில் கணக்கெடுத்தார்கள். ஏதென்ஸில் டிகிரிக்கு 2.15 சதவீதம் கூடியது. பின்லாந்தின் தென்பகுதியில் 0.27 சதவீதம்தான். குளிர் மிகுந்த இடத்தில் பாதிப்பு குறைவு! காரணமும் அதே ஆய்வில் தெரிந்தது. குளிர்ப் பகுதிக்காரர்கள் வீட்டை நன்றாகச் சூடேற்றி வைத்திருந்தார்கள், வெளியே போகும்போது தொப்பி, கையுறை எல்லாம் அணிந்தார்கள், வெளியே நின்றுகொண்டிருக்காமல் நடந்தார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, குளிர் நாட்டுக்காரர்கள் உறுதியானவர்கள் என்ற பேச்சை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. அவர்கள் நன்றாகத் தயாராகிறவர்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மிதமான குளிர் உள்ள நாடுகளிலும் அதைவிடக் குளிர்ந்த நாடுகளிலும் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது. வெளியே உள்ள குளிரைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் பலருக்கு, உண்மையில் உள்ளே சூடேறாத வீடுதான் பிரச்சினை. நாள் முழுவதும் 15 டிகிரி வீட்டில் உட்கார்ந்திருந்த உடம்பு வெளியே இறங்கும்போதே கடனோடுதான் இறங்குகிறது.

அடுத்தது பனி. பனியை வெறுப்பவர்களில் பலர் வெறுப்பது விழுந்துகொண்டிருக்கும் பனியை அல்ல, விழுந்து இரண்டு நாள் ஆன பனியை. மைனஸ் 10 டிகிரியில், காற்றில்லாத வெயில் நாளில் காலடியில் நறநறக்கும் காய்ந்த பனி ஒரு ரகம். பூஜ்யத்துக்கு அக்கம்பக்கத்தில் ஊசலாடும் நாட்களின் பனி வேறு ரகம். பகலில் உருகிச் சாம்பல் நிறக் குழம்பாகி, காலணிக்குள் இறங்கி, இரவில் கண்ணாடி போல இறுகி மறுநாள் காலையில் ஆளை விழவைக்கும். ஈரம் பட்ட துணி சூட்டைப் பிடித்துவைக்காது, ஈரக் காலுறையோடு 2 டிகிரியில் நிற்பது காய்ந்த காலுறையோடு மைனஸ் 10இல் நடப்பதைவிடக் கொடுமை. ஈரக்குளிர் எலும்புக்குள் இறங்கும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். அந்த வெப்பநிலையில் காற்றில் உள்ள நீராவி நேரடியாக உடம்பின் சூட்டை இழுப்பது மிகக் குறைவு, இயற்பியல் கணக்கு அதை ஆதரிப்பதில்லை. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. துணி ஈரத்தை வாங்கிக்கொள்கிறது, தூறல் விழுகிறது, மேகமூட்டத்தில் வெயிலின் சூடு தோலுக்குக் கிடைப்பதில்லை, இந்த மூன்றும் சேர்ந்து அப்படி உணர வைக்கின்றன என்பதே என் கருத்து.

காற்றின் வேகத்தைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் இருவரும் அண்டார்டிகாவில், உருளை ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்து அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து 1945இல் வெளியிட்டதுதான், காற்று அடிக்கும்போது குளிர் எவ்வளவு கூடுதலாக உறைக்கிறது என்று சொல்லும் காற்றுக்குளிர்க் கணக்கின் தொடக்கம். 2001இல் திருத்தப்பட்ட சூத்திரப்படி, மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது ஏறக்குறைய மைனஸ் 20. வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர் ஏமாந்துபோவார்.

பனியை அள்ளிப் போடும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள பாதையில் 20 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால் அதன் எடை சுமார் 400 கிலோ. ஈரப்பனி என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில், கைகளால், விடியற்காலையில் அதைத் தூக்க வேண்டியிருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் பனி அதிகம் பொழிந்த நாளுக்கு அடுத்த நாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடியதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பனி அள்ளுவதுதான் காரணம் என்று அதில் நேரடியாக அளக்கவில்லை, ஆனால் அந்த ஊகத்தில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலையை நீங்கள் வெறுத்தால் அது சோம்பேறித்தனம் ஆகாது.

குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளும் ஒரு தொல்லை உண்டு, பலர் அதைக் குளிரோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. மைனஸ் 10 டிகிரிக் காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும் அதில் உள்ள நீராவி மிகக் கொஞ்சம். அதே காற்றை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் ஏறக்குறைய 12 சதவீதத்துக்கு வந்துவிடும். தோல் வெடிப்பது, உதடு பிளப்பது, மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், காலையில் எழுந்ததும் தொண்டை வறட்சி எல்லாம் அங்கிருந்து வருபவை. குளித்து ஈரம் காய்வதற்குள் களிம்பு தடவுவதும், அறையில் ஈரப்பதம் கூட்டும் கருவி வைப்பதும் உதவும். குளிர் பட்டாலே சளி பிடிக்குமா என்பதில் முடிவு இன்னும் உறுதியில்லை. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்து 2005இல் வெளியான சோதனையில், கால்களை 20 நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்த 90 பேரில் 13 பேர் அடுத்த சில நாட்களில் சளி பிடித்ததாகச் சொன்னார்கள், வைக்காத 90 பேரில் 5 பேர். ஆனால் அவை அவர்களே சொன்னவை, கிருமி இருந்ததா என்று பரிசோதிக்கவில்லை.

இனி இருட்டு. உங்கள் கேள்வியில் “நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது” என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிந்தது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரண வீட்டு விளக்கு கொடுப்பது 100 முதல் 300 லக்ஸ். மேகம் மூடிய குளிர்கால மதியத்தில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு என்றால், உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்யும் வெளிச்சம் வாரக்கணக்கில் கிடைக்காமலே போகும். நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் 1984இல் குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் போகும் மனச்சோர்வை விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்கள் மீது ஆசை, எடை கூடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது பலருக்கு உதவுகிறது. கண் நோய் உள்ளவர்களும், மனநிலை உச்சத்துக்கும் அதலபாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

இந்த நோய் எவ்வளவு பரவலானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ 34 ஆயிரம் பேரின் தகவலை வைத்து 2016இல் வந்த ஆய்வு, பொதுமக்களிடம் மனச்சோர்வு பருவத்தைப் பொறுத்து மாறவே இல்லை என்றது. வடக்கே இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஐஸ்லாந்தில் இது எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று 1993இலேயே காட்டியிருந்தார்கள். இவற்றை வைத்து அப்படி ஒரு நோயே இல்லை என்று சொல்வது என் பார்வையில் தவறு. இருட்டு எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வடகோடியில் சூரியனே எழாத வாரங்களைக் கழிப்பவர்கள் உட்பட நார்வே மக்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. குளிர்காலத்தில் ரசிக்க நிறைய இருக்கிறது என்று நினைப்பவர்கள் மனநிறைவோடும் இருந்தார்கள் என்றது அது. இதைத்தான் பலர், மனதை மாற்று, குளிர்காலம் பிடித்துவிடும் என்று திரித்துச் சொல்கிறார்கள். நன்றாக இருப்பவர்களுக்கு ரசிக்கத் தோன்றுகிறதா, ரசிப்பதால் நன்றாக இருக்கிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு உங்களை யாராவது குறைசொன்னால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

உடை விஷயத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று: விரல் சூடாக இருக்க வேண்டுமானால் மார்பையும் வயிற்றையும் சூடாக வையுங்கள். நடு உடம்பில் சூடு மிச்சமிருந்தால் உடம்பே குழாய்களைத் திறந்து விரலுக்கு அனுப்பும். நடு உடம்பு குளிர்ந்திருந்தால் எவ்வளவு கனமான கையுறையும் பயன்படாது, கையுறை சூட்டைக் காக்குமே தவிர உண்டாக்காது. விரல்கள் ஒன்றாக இருக்கும் பை மாதிரியான கையுறை, தனித்தனி விரல் உள்ளதைவிட மேல். குளிருகிறதே என்று இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை திணிப்பது எதிர்மாறான வேலையைச் செய்யும், அழுத்தத்தில் ரத்தம் போவது குறையும், சூட்டைப் பிடித்துவைக்கும் காற்றும் நசுங்கிவிடும். தோலை ஒட்டிப் பருத்தித் துணி வேண்டாம், வியர்வையில் நனைந்து அப்படியே இருக்கும். கம்பளி அதைவிட எவ்வளவோ மேல். தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பது தவறு, அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் தொப்பி போடுங்கள், காதுக்காக. மது குடித்தால் சூடாக இருப்பதுபோலத் தெரிவது தோலின் குழாய்கள் திறப்பதால். உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் செய்த பிறகும் உங்களுக்குக் குளிர்காலம் பிடிக்காமல் போகலாம். அதில் தப்பே இல்லை. கோடையின் புழுக்கம் தாங்காதவர் மலைப்பக்கம் குடிபோனால் யாரும் அவரை மனநோயாளி என்பதில்லை. குளிர் ஆகாதவர் வெப்பமான ஊரில் வேலை தேடினாலும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஊரை மாற்றுவது பெரிய முடிவு என்பதால், அதற்கு முன் இந்தக் குளிர்காலத்தில் இதை மட்டும் கவனித்துப் பாருங்கள். கடும் குளிரோடு வெயிலும் உள்ள நாளில் உங்கள் மனம் எப்படி இருக்கிறது? குளிர் குறைந்து, வானம் மூடி, நாள் முழுதும் மங்கலாக இருக்கும்போது எப்படி இருக்கிறது? முதல் வகை நாளில் தெம்பாகவும் இரண்டாவதில் சோர்வாகவும் இருந்தால் உங்கள் பிரச்சினை பெரும்பாலும் வெளிச்சம், காலை விளக்கும் மதிய நடையும்தான் முதலில் முயல வேண்டியவை. நேர்மாறாக இருந்தால் விரல், உடை, வீட்டின் சூடு, ரத்தப் பரிசோதனை என்று போங்கள். இரண்டு நாளும் வீட்டுக்குள் கதகதப்பாக, விளக்கு வெளிச்சத்தில் இருந்தும் மனம் எழும்பவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் என்னைப் போன்ற உடலியல்காரரிடம் கேட்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். வசந்தம் வரட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். கவனித்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதினால், அதற்கேற்ப எனக்குத் தெரிந்ததை மேற்கொண்டு சொல்கிறேன்.